ஒரே நூல், இரண்டு வாசகர்கள்: தோட்டப்புறச் சிற்றூரிலிருந்து பழந்தமிழ் நூல் பதிப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரியான ஊர்களில் பழைய இலக்கியம் அச்சேறுவது பெரும்பாலும் ஒரு விழாவை ஒட்டித்தான். ஆலயக் கும்பாபிஷேகம், தைப்பூசம், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா என்று ஏதாவது ஒன்று. மலர் போடுகிற கையோடு நூலும் ஒன்று போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். இணையத்தில் அகப்பட்ட மூலத்தை இறக்கி, முன்னால் வாழ்த்துரைகளை அடுக்கி, அட்டையில் வண்ண முருகனைப் போட்டால் நூல் தயார். அதை வைத்து ஓதுகிற பிள்ளைக்குச் சீர் தடுக்கும். ஆய்வேடு எழுதுகிறவர் அதிலிருந்து ஓர் அடிகூட மேற்கோள் காட்ட முடியாது. எந்தப் பதிப்பின் பாடம் என்றே அதில் இருக்காது. ஆய்வுப் பதிப்புகள் கதை வேறு. பாடபேதங்களின், அதாவது பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்களின், கூட்டத்துக்குள் பாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது பக்கத்திலேயே பொதுவாசகர் மூடி வைத்துவிடுவார்.

இரு சாராருக்கும் தனித்தனி நூல் போட நமக்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. தேவையும் இல்லை என்பது என் கட்சி. சந்தி பிரிப்பது, நிறுத்தக்குறி இடுவது, கடினச் சொல்லுக்குப் பொருள் தருவது என்று பொதுவாசகருக்காகச் செய்கிற ஒவ்வொன்றும் பதிப்பாசிரியர் எடுக்கும் முடிவு. அந்த முடிவு எது, ஏன் எடுத்தீர்கள் என்பதை அதே நூலின் உரிய இடத்தில் எழுதிவிட்டால் ஆய்வாளருக்கும் அந்த நூலே போதும். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்து முடிக்கத்தான்.

படி 1: சிறிய நூல், முழு நூல்

முதல் முயற்சிக்குக் கம்பராமாயணத்தைத் தொடாதீர்கள். 401 பாட்டுள்ள குறுந்தொகையும் வேண்டாம். 'தேர்ந்தெடுத்த பாடல்கள்' என்ற குறுக்கு வழியும் வேண்டாம். திரட்டை ஆய்வாளர் சீந்தமாட்டார். சிறியதாகவும் முழுமையாகவும் ஒன்றை எடுங்கள். பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு 103 அடிதான்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு திருமுருகாற்றுப்படை. நக்கீரர் பாடிய 317 அடி. பத்துப்பாட்டில் முதல் பாட்டு. சைவத்தின் பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்றது. அதாவது ஒரே பாட்டு புலவர் மரபு, ஓதுவார் மரபு என்று இரண்டு கால்வாய்களில் வந்திருக்கிறது. நம் ஊரில் முருகன் கோயில் இல்லாத தோட்டம் அபூர்வம். இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஆசிரியர் இருக்கிறார், எஸ்.பி.எம். என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கிற மாணவர் இருக்கிறார், தஞ்சோங் மாலிம் கல்வியியல் பல்கலைக்கழகத்திலோ மலாயாப் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு வார இறுதியில் வீட்டுக்கு வரும் பிள்ளை இருக்கிறது. மூவருக்கும் கொடுக்கக்கூடிய ஒரே நூல் இது.

படி 2: உரிமை

நக்கீரருக்கு யாரும் உரிமை கேட்கப் போவதில்லை. சிக்கல் பிற்காலத்தார் எழுதிய உரையிலும் குறிப்பிலும்தான். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின் 50 ஆண்டு உரிமை நீடிக்கும். இந்தியாவில் 60 ஆண்டு. சங்க நூல்களைப் பதிப்பித்தவர்களில் உ.வே. சாமிநாதையர் (உ.வே.சா.) 1942இலும் எஸ். வையாபுரிப்பிள்ளை 1956இலும் மறைந்தார்கள். ஆகவே இருவர் எழுத்தும் இரண்டு நாட்டிலும் பொதுச்சொத்து. நூலைத் தமிழ்நாட்டுக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால் 60 ஆண்டுக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: நம் சட்டம் பதிப்பின் பக்க அமைப்புக்கும் தனியாக 50 ஆண்டு உரிமை தருகிறது. மூலம் ஈராயிரம் ஆண்டுப் பழையதாக இருந்தாலும், 1990இல் ஒருவர் கோத்து அச்சிட்ட பக்கத்தை அப்படியே படமெடுத்து அச்சிடக்கூடாது. ஃபோட்டோஸ்டாட் கடையில் 'அப்படியே அடிச்சுத் தரேன் சார்' என்பார்கள். வேண்டாம், நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பிழை பார்க்கவும் அதுதான் வழி.

படி 3: எந்தப் பாடம்?

'அடிப்படைப் பதிப்பு' என்று ஒன்றைத் தீர்மானியுங்கள். திருமுருகாற்றுப்படைக்குப் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சா. 1889இல் வெளியிட்ட பத்துப்பாட்டும் அதன் பின்வந்த திருந்திய பதிப்புகளுமே இயல்பான தேர்வு. அதோடு ஒப்பிட, வையாபுரிப்பிள்ளையின் 1940ஆம் ஆண்டுச் சங்க இலக்கியத் தொகுப்பு, மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த மலிவுப் பதிப்பு, பதினோராந் திருமுறைப் பதிப்பு ஒன்று. அடிப்படைப் பதிப்போடு சேர்த்து இந்த நான்கு போதும். ராஜம் பதிப்பை வெறும் மலிவுப் பதிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பொதுவாசகருக்குப் பழந்தமிழைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைப் புலவர்களைக் கூட்டி வைத்து முறையாகச் செய்தவர்கள் அவர்கள்.

எங்கே கிடைக்கும்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பதிப்புகளின் படிமங்கள் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்ப் பிரிவையும் மறந்துவிடாதீர்கள். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய இடம் அது, முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கூடியதும் கோலாலம்பூரில்தான். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பாடத்தைத் தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அடிப்படையாக வைக்க வேண்டாம்.

ஓலைச்சுவடி பார்க்காமல் பதிப்பிக்கலாமா என்று கேட்பார்கள். பார்க்க முடிந்தால் நல்லது. பேராக்கில் உட்கார்ந்துகொண்டு முடியாது என்றால், தலைப்புப் பக்கத்திலேயே 'அச்சுப் பதிப்புகளை ஒப்புநோக்கிய பதிப்பு' என்று போட்டுவிடுங்கள். சுவடியைக் கண்ணால் காணாதவர்கள் 'ஆய்வுப் பதிப்பு' என்று அட்டையில் போடுவதுதான் ஆய்வாளர்களுக்கு எரிச்சல். சொன்னதைச் செய்திருக்கிற சிறிய பதிப்பை அவர்கள் மதிப்பார்கள்.

ஆனாலும் சுவடி எப்படி இருக்கும் என்பதைப் பதிப்பாசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓலையில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரத்துக்கும் ஆகாரக் காலுக்கும் ஒரே வடிவம். சொல் இடைவெளியும் கிடையாது. 'பெறு' என்பதும் 'பேறு' என்பதும் ஓலையில் ஒரே தோற்றம் காட்டும். இதைத் தெரிந்தவர் இரண்டு பதிப்புகள் மாறுபடும்போது 'இவர் தவறு, அவர் சரி' என்று பாயமாட்டார். ஒரே வரிவடிவத்தை இருவர் இரண்டாகப் படித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்.

எல்லா வேறுபாடும் எழுத்தளவில் நின்றுவிடுவதில்லை. திருக்குறளில் நம் பிள்ளைகள் 'மக்கட்பேறு' என்று படிக்கிற அதிகாரத்துக்குப் பரிமேலழகர் தந்த தலைப்பு 'புதல்வரைப் பெறுதல்'. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசையும் உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும். பதிப்பின் பெயரைச் சொல்லாமல் குறள் எண்ணை மட்டும் சொல்வது பரிமேலழகர் வரிசையை ஏற்றுக்கொண்டதாகத்தான் ஆகும்.

படி 4: தட்டச்சும் ஒப்பீடும்

317 அடி என்பதால் கையாலேயே தட்டச்சு செய்துவிடலாம். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் வழியாகப் போனால் 'ழ'வும் 'மு'வும், 'ர'வும் காலும் இடம் மாறிக்கிடக்கும். பழைய அச்சிலுள்ள 'னை', 'லை' ஆகியவற்றின் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களைக் கண்டால் மென்பொருள் திணறும். விரிதாள் ஒன்றில் அடி எண், அடிப்படைப் பாடம், ஒப்பிட்ட மூன்று பதிப்புகள், முடிவு, காரணம் என்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். வேறுபாடு இல்லாத அடிக்கும் 'பார்த்தாயிற்று' என்று ஒரு குறி வேண்டும். இந்த விரிதாளே பின்னால் பாடபேதப் பட்டியலாகும், எந்தச் சொல் எந்த அடியில் என்று காட்டும் சொல்லடைவாகும்.

கணினியில் கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று இருக்கிறது. 'பௌவம்' என்பதைப் பலர் பகரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று 'பெளவம்' ஆக்கிவிடுவார்கள். 'ஔவை'யும் அப்படியே 'ஒளவை' ஆகிவிடும். தாளில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தேடினால் வராது, சொல்லடைவில் தவறான இடத்தில் போய் உட்காரும். 'ெள' என்றும் 'ஒள' என்றும் தேடி ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். மொத்தமாக மாற்றினால் 'தெளிவு', 'ஒளி' எல்லாம் கெட்டுப்போகும்.

படி 5: எதிரெதிர்ப் பக்கங்கள்

நூலின் உயிர் இங்கேதான். இடப்பக்கத்தில் சீர் பிரித்த மரபு மூலம். வலப்பக்கத்தில் சொல் பிரித்த பாடமும் அதன் கீழே எளிய உரைநடையும். முதல் மூன்று அடியை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம்:

உலக முவப்ப வலனேர்பு திரிதரு
பலர்புகழ் ஞாயிறு கடற்கண் டாஅங்
கோவற விமைக்குஞ் சேண்விளங் கவிரொளி

வலப்பக்கம்:

உலகம் உவப்ப, வலன் ஏர்பு திரிதரு
பலர் புகழ் ஞாயிறு கடல் கண்டாஅங்கு,
ஓவு அற இமைக்கும் சேண் விளங்கு அவிர் ஒளி

மூன்றாம் அடி 'கோவற' என்று தொடங்குவதைப் பார்த்து 'கோ' என்றால் அரசன்தானே என்று ஒரு மாணவர் பொருள் தேடப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. முந்தைய அடியின் 'ஆங்கு' என்பதன் 'கு'வும் அடுத்த சொல்லின் 'ஓ'வும் சேர்ந்த 'கோ' அது. 'ஓவு அற' என்றால் இடைவிடாமல். வலப்பக்கம் இல்லாவிட்டால் இது பிடிபடாது. இடப்பக்கமும் வேண்டும், ஏனென்றால் அகவலாக இதை ஓதுகிறவருக்குச் சொல் பிரித்த பாடத்தில் ஓசை கிடைக்காது. யாப்பை ஆராய்கிறவருக்கும் அதில் வேலை இல்லை.

'டாஅங்' என்பதன் நடுவே நிற்கும் அகரத்தைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து எடுத்துவிடுகிற நல்லவர்கள் உண்டு. அது அளபெடை, ஓசை நீள்வதைக் காட்டும் எழுத்து. எடுத்தால் ஈரசைச் சீர் ஓரசையாகிவிடும், அடி நொண்டும். தட்டச்சு செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சொல் பிரிக்கும்போது எல்லா இடமும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஒரு தொடரை இரண்டு விதமாகப் பிரிக்க இடம் இருந்தால், ஒன்றை வலப்பக்கத்தில் போட்டு, அந்தச் சொல்லுக்கு மேல் சிறிய உடுக்குறி (*) இட்டு, மற்றதைப் பின்னிணைப்பில் காரணத்தோடு தாருங்கள். பொதுவாசகர் உடுக்குறியைத் தாண்டிப் போய்விடுவார், ஆய்வாளர் அதைத்தான் முதலில் தேடுவார்.

ஐந்தைந்து அடிக்கு ஒருமுறை அடி எண். எண்ணிக்கை அடிப்படைப் பதிப்போடு ஒத்திருக்க வேண்டும். கடைசி அடி 317 என்று முடியாவிட்டால் எங்கோ ஓர் அடி பிளந்திருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது. பக்கத் தலைப்பில் ஆறு பகுதிகளின் பெயரையும் அடி எல்லையையும் போடுங்கள்: திருப்பரங்குன்றம் 1–77, திருச்சீரலைவாய் 78–125, திருவாவினன்குடி 126–176, திருவேரகம் 177–189, குன்றுதோறாடல் 190–217, பழமுதிர்சோலை 218–317. ஓதும் வகுப்பில் 'இன்னைக்கு ஏரகம்' என்று ஆசிரியர் சொன்னதும் பிள்ளை புரட்டி எடுத்துவிடும்.

படி 6: 'இந்த ரெண்டு வரிய எடுத்துடலாமா?'

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பழமுதிர்சோலைப் பகுதி 'சிறுதினை மலரொடு விரைஇ மறியறுத்து' என்றுதான் தொடங்குகிறது. தினையைப் பூவோடு கலந்து, ஆட்டுக்குட்டியை அறுத்து வழிபாடு. கொஞ்சம் தள்ளிப் போனால் கொழுத்த கிடாயின் குருதியில் பிசைந்த வெள்ளரிசி வருகிறது. குன்றுதோறாடலில் மூங்கிலில் நெடுநாள் விளைந்த தேன்கள்ளைக் குடித்துவிட்டுக் குறவர்கள் குரவை ஆடுகிறார்கள்.

எங்கள் மெய்ப்பு (அச்சுப் பிழை பார்க்கும்) மேசையில் கோயில் நிர்வாகத்தின் பொருளாளர் ஒருவர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். "சார், செலவுல பாதி நம்ம கோயில் குடுக்குது. சைவச் சாமிக்கு ஆட்டு ரத்தம்னு போட்டா நல்லாவா இருக்கும்? இந்த ரெண்டு வரிய மட்டும் எடுத்துடலாமா?"

நான் வாய் திறக்குமுன், படிப்பதைக் கேட்டுப் பிழை சொல்ல வந்திருந்த ஒரு பாட்டி, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், குறுக்கே வந்தார். "என்னா தம்பி பேசறீங்க? தோட்டத்துல முனியாண்டிக்கு வருசா வருசம் கெடா வெட்டித்தானே நீங்களும் நானும் சாப்பிட்டோம். அந்தக் காலத்துல மலையில இருந்தவங்க முருகனுக்கும் வெட்டியிருப்பாங்க. எழுதுனவர் பாத்தத எழுதியிருக்காரு."

பொருளாளர் சிரித்துவிட்டார், அடிகள் தப்பின. எல்லா ஊரிலும் இப்படி ஒரு பாட்டி அமையமாட்டார், ஆகவே விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: மூலத்திலிருந்து ஓர் எழுத்தும் நீக்கக்கூடாது. சங்கடமான இடத்துக்கு நான்கு வரிக் குறிப்பு எழுதுங்கள். வெறியாட்டும் (வேலன் முருகு ஏறி ஆடுவது) குருதிப் பலியும் குறிஞ்சி நில முருக வழிபாட்டில் இருந்தவை, இதே பாட்டின் ஏரகப் பகுதியில் அந்தணர் மந்திரம் ஓதி வழிபடுவதும் இருக்கிறது, இரண்டையும் நக்கீரர் அடுத்தடுத்துப் பாடியிருக்கிறார் என்று. ரசிகமணி டி.கே.சி. கம்பனில் தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார். அவர் சுவை பெரியதுதான். அதை உரையில் காட்டியிருந்தால் யாருக்கும் வழக்கு இருந்திருக்காது, மூலத்தில் கை வைத்ததால்தான் புலவர்கள் ஒப்பவில்லை.

நீக்கக்கூடாது என்பதற்கு மறுபக்கமும் உண்டு. பக்திப் பதிப்புகளில் பாட்டின் முடிவில் 'குன்றம் எறிந்தாய்' என்று தொடங்கும் வெண்பாக்கள் இருக்கும். அவை பிற்காலத்தவை என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் ஓதுகிற வழக்கம் உள்ளவர்கள் அவற்றோடுதான் முடிப்பார்கள். நூலில் இல்லாவிட்டால் குறையுள்ள நூல் என்று வைத்துவிடுவார்கள். 317ஆம் அடிக்குப் பின் ஒரு பக்கம் வெற்றிடம் விட்டு, 'பிற்சேர்க்கை வெண்பாக்கள்' என்ற தலைப்பில், நக்கீரர் பாட்டைச் சேர்ந்தவை அல்ல என்ற ஒற்றை வரியோடு போட்டுவிடுங்கள். அடி எண் தொடரக்கூடாது.

ஏரகமும் இப்படித்தான். சுவாமிமலை என்பது கோயில் வழக்கு. நச்சினார்க்கினியரோ 'மலைநாட்டகத்து ஒரு திருப்பதி' என்கிறார். இரண்டையும் அடிக்குறிப்பில் தாருங்கள். தீர்ப்புச் சொல்கிற வேலை நமக்கு இல்லை.

படி 7: யாருக்குக் குறிப்பு?

தமிழ்நாட்டுப் பதிப்பிலிருந்து அருஞ்சொற்பொருளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். நம் வாசகருக்குத் தெரிந்ததும் தெரியாததும் வேறு. பழமுதிர்சோலை அருவி கடைசியில் தேனடையைச் சிதைத்து, பலாச்சுளையைக் கலந்து, மிளகுக்கொடியைச் சாய்த்துக்கொண்டு இறங்குகிறது. மலையடிவாரத்து ஆற்றில் மழைவெள்ளம் காட்டையே வாரிக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. காட்டுயானையும் அவருக்குப் புதிதல்ல. ஆனால் கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆண்டை ஆறாகப் பிரிப்பது ஆண்டு முழுக்க வெயிலும் மழையுமாக வாழ்கிறவருக்குக் கதைபோல இருக்கும். சங்கப் பாட்டு எதைப் பதிப்பித்தாலும் அதற்கு மாதக் கணக்கோடு ஒரு குறிப்பு தேவை. பாலை நிலத்தின் வறட்சிக்கும் அப்படியே. காந்தள், வேங்கை, சுரபுன்னை போன்றவற்றுக்கு 'ஒருவகைக் கொடி', 'ஒருவகை மரம்' என்று எழுதுவது குறிப்பே அல்ல. பூவின் நிறம், காலம், எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், முடிந்தால் கோட்டோவியம் ஒன்று.

குன்றுதோறாடல் பகுதிக்குக் குறிப்பு எழுதும்போது பத்துமலையையும் ஈப்போ கல்லுமலையையும் ஒரு வரியில் தொட்டுக்காட்டலாம். அது உங்கள் சொந்தக் கருத்து என்பது தெரியும்படி முன்னுரையில் இருக்கட்டும், அருஞ்சொற்பொருளில் கலக்க வேண்டாம்.

வலப்பக்க உரைநடைக்கு ஓர் எச்சரிக்கை. நச்சினார்க்கினியர் அடிகளைத் தள்ளித் தள்ளி எடுத்துக் கொண்டுகூட்டுவார். அவர் வழியில் உரைநடை எழுதினால் வாசகர் எதிர்ப்பக்கத்தில் அடியைத் தேடி அலைவார். பாட்டின் வரிசையிலேயே எழுதுங்கள். உரையாசிரியர் வேறு வகையாகக் கூட்டும் இடங்களைப் பின்னிணைப்பில் அடி எண்ணோடு குறித்தால் போதும்.

படி 8: முன்னால் எது, பின்னால் எது

வாழ்த்துரை ஒன்று, அதுவும் ஒரு பக்கம். தவிர்க்க முடியாத பெரியமனிதர்கள் அதிகம் என்றால் விழா மலரில் இடம் கொடுங்கள். அடுத்து, பாட்டை முன்பின் அறியாதவருக்கு எட்டுப் பக்க முன்னுரை: ஆற்றுப்படை என்றால் என்ன, நக்கீரர் யார், ஆறு பகுதியில் என்ன நடக்கிறது. முன்னுரையின் இறுதியில் 'இப்பதிப்பில் செய்தவை' என்று ஒரே பக்கம்: சந்தி எப்படிப் பிரித்தோம், நிறுத்தக்குறி நாங்கள் இட்டது, எந்தப் பதிப்பு அடிப்படை. அந்தப் பக்கத்தை எளிய தமிழிலேயே எழுதுங்கள், பொதுவாசகரும் படிக்கட்டும்.

பின்னால் வருபவை: பதிப்புகளின் குறியீட்டு விளக்கம், பாடபேதம், பிரிப்பு வேறுபாடுகள், சொல்லடைவு. உ.வே.சா. பதிப்புகளை இன்றும் எடுத்துப் புரட்ட வைப்பது அவர் சேர்த்த அகராதிகளும் அடைவுகளும்தான். சொல்லடைவில் 'ஓவற' என்பது ஓகாரத்தின் கீழ்தான் வர வேண்டும், 'கோவற' என்று ககரத்தில் அல்ல.

படி 9: மெய்ப்பு

மூன்று சுற்று. முதல் சுற்று, தனியாக, அடிப்படைப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டாவது, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் பார்ப்பது. படிப்பவர் ஒற்றையும் விடாமல் அழுத்த வேண்டும். வலி மிகும் இடங்களில் பிழை ஒளிந்திருக்கும். ஓதத் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், சீர் கெட்டால் அவர் காது உடனே சொல்லிவிடும். மூன்றாவது சுற்றில் பாட்டைத் தொடாமல் அடி எண்கள், பக்கத் தலைப்புகள், அடைவின் எண்கள் மட்டும். பக்க அமைப்பு முடிந்த பின்தான் இந்தச் சுற்று, அதற்கு முன் செய்தால் வீண்.

படி 10: எழுத்துருவும் அச்சும்

யுனிகோடு எழுத்துரு ஒன்றையே முதலிலிருந்து கடைசிவரை பயன்படுத்துங்கள். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளும் அதை உருவாக்கிய முத்து நெடுமாறனும் பிறந்த நாட்டில் இருந்துகொண்டு பழைய குறியாக்க எழுத்துருவில் நூல் கோப்பது வெட்கம். பக்கம் கோக்கும் இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பைப் பன்மொழிக் கோப்பிக்கு (World-Ready Composer) மாற்றாவிட்டால் கொம்புகள் இடம் மாறும். பாடபேதம் அடிக்குறிப்பாகவே அடி எண்ணோடு வர வேண்டும் என்றால் லேட்டெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளும் அதன் ரெல்எட்மேக் (reledmac) தொகுப்பும் இலவசம். கற்றுக்கொள்ள ஓர் இளைஞர் வேண்டும். வரி முடிவில் சொல் உடைந்தால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக்கூடாது.

மூல எழுத்து 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். பக்கத்துக்கு 12 அடி வைத்தால் 317 அடிக்கு 27 சோடி எதிரெதிர்ப் பக்கங்கள், அதாவது 54 பக்கம். முன்னுரை, பிற்சேர்க்கை, அடைவு எல்லாம் சேர்த்து 128 பக்கத்தில் அடக்கிவிடலாம். 16 பக்கப் பாரம் எட்டு. தாள் 80 கிராம், பழுப்பு வெள்ளை. நூல் தையல் போடச் சொல்லுங்கள். எதிரெதிர்ப் பக்க நூலை விரித்து வைத்துத்தான் படிப்பார்கள், பசைக் கட்டு சீக்கிரம் விரிந்து தாள் உதிரும். சில நூறு படிக்கு டிஜிட்டல் அச்சு, அதற்கு மேலே போனால் ஆஃப்செட். ஈப்போவில் இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

படி 11: சட்டப்படியான வேலைகள்

தேசிய நூலகத்திடம் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். 1984ஆம் ஆண்டு அச்சகம், வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும். நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் 1986இன்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் அச்சு நூலின் 5 படிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. செய்யாத நூல் தேசியப் பட்டியலில் இருக்காது, பட்டியலில் இல்லாததை ஆய்வாளர் எப்படித் தேடுவார்?

படி 12: கைக்குப் போய்ச் சேர

20 ரிங்கிட்டைத் தாண்டினால் தைப்பூசக் கடையில் எடுத்துப் பார்த்தவர் வைத்துவிட்டுப் போவார் என்பது என் கணிப்பு. இலவசமாகவும் கொடுக்காதீர்கள், இலவச நூல் கார் பின்கண்ணாடியோரம் வெயிலில் காயும். ஓதும் வகுப்புகளுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் மொத்த விலை வையுங்கள். தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழக நூலகங்களுக்கு இரண்டிரண்டு படி, கேட்காமலே அனுப்புங்கள். தாமான் (குடியிருப்பு) வீட்டில் மீதிப் படிகளை வைக்கிறவர்கள் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம். மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல். கரையானுக்கு உரையும் மூலமும் ஒன்றுதான்.

வெளியான பின் வரும் பிழைச் சுட்டல்களை விரிதாளில் தனிப் பத்தியாகச் சேர்த்து வாருங்கள். ஒற்றைத் தாளில் பிழைதிருத்தம் அச்சிட்டு மீதிப் படிகளில் செருகலாம். மின்னூலைத் திருத்தும்போது பதிப்பு எண்ணையும் தேதியையும் மாற்றுங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம். அதிலிருந்து மேற்கோள் காட்டிய ஆய்வேடு ஏதாவது இருக்கலாம்.